மங்கலம் ரோட்டில் காற்றும் மழையும்: சைக்கிள், டவுன் பஸ் பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

திருப்பூருக்கு மேற்கே போகிறது மங்கலம் ரோடு. ஆண்டிபாளையம் குளத்துக்கு அப்பாலிருந்து காலை எட்டரை மணி ஷிப்டுக்கு பனியன் கம்பெனிகளுக்கு வருகிறவர்களின் வழி இது. பைக்கும் மொபெட்டும் பெருகிய பிறகும் இந்த வழியில் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. செக்கிங், பேக்கிங், ஹெல்பர் வேலைக்காரர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள், வயதான வாட்ச்மேன்கள், பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். இவர்களே மழை நாளில் டவுன் பஸ்ஸுக்கும் நிற்கிறார்கள். ஆறு கிலோமீட்டர் ஒருவழிப் பயணம் என்று வைத்துக்கொண்டு, வானிலை கெடும்போது அந்தப் பயணம் எங்கெங்கே அறுகிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வு. தேவையான இடங்களில் கோவை நிலைமையும் சேர்த்துப் பேசப்படுகிறது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைவிட, எந்த மணிக்குப் பெய்தது என்பதும், பயணத்தின் மூட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதும்தான் ஒருவர் வீடு சேர்வதைத் தீர்மானிக்கின்றன. மூட்டு என்று சொல்வது பிரேக் கட்டையை, தரைப்பாலத்தை, பஸ் நிறுத்தத்தை, நிறுத்தத்திலிருந்து வீடு வரையிலான கடைசி ஒரு கிலோமீட்டரை.

ஆடிக் காற்றின் கணக்கு

மோசமான வானிலை என்றதும் எல்லோரும் மழையைத்தான் நினைக்கிறார்கள். கொங்குச் சமவெளியில் அதிக நாள் நீடிக்கும் தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் அடித்துத் தள்ளுகிறது. அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் அதுவே காரணம். துணி நனையாததால் இதை யாரும் வானிலைத் தடையாக எண்ணுவதில்லை. எச்சரிக்கையும் வருவதில்லை, விடுமுறையும் விடுவதில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் 28 அங்குல சைக்கிளில், ஆளும் வண்டியுமாக 90 கிலோ, மணிக்கு 15 கி.மீ. வேகம் என்று எடுத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் இதற்குத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 63 வாட். அதில் 37 வாட் டயர் உருள்வதற்கும் மீதி காற்றைக் கிழிப்பதற்கும் போகிறது. எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால் அதே வேகத்துக்குச் சுமார் 178 வாட் வேண்டும். நாள் முழுதும் நின்றபடி வேலை பார்த்த கால்களுக்கு அது ஆகாது. அதே 63 வாட்டோடு ஓட்டினால் வேகம் ஏழரை கி.மீ.க்கு இறங்கிவிடும். 24 நிமிடப் பயணம் 48 நிமிடமாகிறது.

இந்த வழியின் அமைப்பு சுமையை இன்னும் கூட்டுகிறது. மங்கலத்திலிருந்து திருப்பூர் கிழக்கே இருக்கிறது. காலையில் காற்று முதுகில் அடிக்கிறது, அப்போது அது பலவீனமாகவும் இருக்கிறது. தரைக்காற்று நண்பகலுக்குமேல்தான் வலுக்கும். மாலை ஐந்தரைக்கு ஷிப்டு முடிந்து மேற்கே திரும்பும்போது நாளின் பலத்த காற்று முகத்தில் மோதுகிறது. ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு எட்டரைக்குக் கிளம்புகிறவருக்குக் காற்று சற்று அடங்கியிருக்கும், ஆனால் இருட்டு. பேரூர், வடவள்ளி பக்கமிருந்து பீளமேடு, சிங்காநல்லூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான். கிழக்கே வீடும் மேற்கே வேலையும் இருப்பவருக்குக் கணக்கு தலைகீழ். காலையில் கொஞ்சம் மிதித்துவிட்டால் மாலையில் காற்றே கொண்டுவந்து விடும்.

குளத்தை ஒட்டிய வெட்டவெளியில் பக்கவாட்டு வீச்சும் உண்டு. கட்டிட மறைப்பு முடிந்த இடத்தில் திடீரென்று வரும் வீச்சு சைக்கிளை ஓர் அடி, ஒன்றரை அடி நகர்த்திவிடும். பெரிய பஸ் முந்தும்போது ஒரு கணம் காற்று மறைந்து, பஸ் கடந்ததும் மறுபடி அறையும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓட்டியவர் அந்தக் கணத்தில் பஸ் பக்கமே சாய்வார். அப்படிப்பட்ட இடங்களில் கேரியரில் அகலமான மூட்டை கட்டக் கூடாது. சீட்டை ஒரு விரற்கடை இறக்கி, முழங்கையை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி ஓட்ட வேண்டும். காற்றைத் தாங்கும் பரப்பு கொஞ்சம் குறைந்தாலும் மிதிப்பில் தெரியும்.

தென்னை மட்டை, ஃபிளெக்ஸ் தட்டி, கூரைத் தகரம், ரோட்டோரப் புளியமரக் கிளை எல்லாம் ஆடியில் விழுபவை. ஜூன் பிறக்கும் முன்பே காய்ந்த கிளைகளை வெட்டிவிடுவது உள்ளாட்சியின் வேலை.

மழை விழும் நேரம்

கோவை, திருப்பூர் சமவெளியின் ஆண்டு மழை 600 முதல் 700 மி.மீ. சுற்றில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் தூறலும் சாரலும்தான். பாதிக்கு அருகில் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. சித்திரை, வைகாசியில் கோடை மழை இடியோடு வரும்.

கோடை மழையும் ஐப்பசி மழையில் பெரும்பகுதியும் பிற்பகலுக்குமேல் திரண்டு மாலையிலும் முன்னிரவிலும் இறங்குகிறவை. காலை எட்டு மணிக்கு வானம் வெளுத்திருக்கும். சைக்கிளை எடுப்பதா, பஸ் ஏறுவதா என்ற முடிவை மனிதர் அப்போதே எடுத்துவிடுகிறார். மழை வருவதோ மாலை ஆறு மணிக்கு. பஸ்ஸில் வந்தவர் பஸ்ஸிலேயே திரும்பலாம். சைக்கிளில் வந்தவருக்கு வண்டியும் வீடு சேர வேண்டும், இல்லையென்றால் நாளைக் காலை வருவதற்கு வண்டி இருக்காது. அதனால் அவர் மழை விடும்வரை கம்பெனி வாசலில் நிற்கிறார். அல்லது நனைந்துகொண்டே கிளம்புகிறார்.

சைக்கிள் பயணத்தை மழை வெகுவாகக் குறைக்கிறது, பொழுதுபோக்குச் சவாரியை முதலிலும் வேலைக்குப் போகும் சவாரியைக் கடைசியிலும் என்று பல நாட்டு ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. அங்கெல்லாம் சைக்கிளை விட்டவர் காருக்கோ ரயிலுக்கோ மாறுகிறார். மங்கலம் ரோட்டில் சைக்கிள் மிதிப்பவருக்கு அப்படி மாற ஒன்றும் இல்லை. ஷிப்டுக் கணக்கில் கூலி வாங்குகிறவர் மழைக்காகத் தாமதமாக வந்தால் கூலி குறையும். எனவே இங்கே மழை நாளில் சைக்கிள் எண்ணிக்கை குறைவதைவிட, ஆபத்தான நிலையில் ஓடும் சைக்கிள் கூடுவதே முக்கியச் செய்தி என்பது எங்கள் கருத்து.

வானிலைத் துறையின் எச்சரிக்கையும் இந்தப் பயணத்துக்குப் பாதிதான் உதவும். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை, அதற்குமேல் அதிகனமழை என்பது அதன் வகைப்பாடு. பகலும் இரவுமாக 80 மி.மீ. சன்னமாகப் பெய்தால் ஊர் ஓடும். மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் 40 மி.மீ. கொட்டினால் ஊர் நின்றுவிடும், ஆனால் அந்த நாள் கனமழைப் பட்டியலில்கூட வராது. கம்பெனி மேனேஜரும் பஸ் டைம் கீப்பரும் பார்க்க வேண்டியது, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வரும் மாவட்ட எச்சரிக்கையை. நாலு மணிக்கு ஒரு தடவை, ஐந்தரைக்கு ஒரு தடவை பார்த்தால் ஷிப்டு விடும் நேரத்தை இருபது நிமிடம் முன்பின் நகர்த்தலாம். இதற்குச் செலவே இல்லை.

நனைந்த பிரேக்

விபத்துக்கான காரணங்களில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இது. ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக்) வைத்த பழைய சைக்கிள்களில் குரோம் பூசிய ஸ்டீல் ரிம்மை ரப்பர் கட்டை பிடிக்கிறது. அந்த ரிம் வழுவழுப்பானது. தண்ணீர் பட்டால் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே ஈரப்படலம் நிற்கும். பிடிமானம் காய்ந்த நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குவரைகூட இறங்கிவிடும். அலாய் ரிம்மில் வீழ்ச்சி இவ்வளவு மோசமில்லை.

15 கி.மீ. வேகத்தில் காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் மூன்று மீட்டருக்குள் வண்டி நிற்கும். பார்த்துப் பிடிக்க ஒரு நொடி ஆவதால் மேலும் நாலு மீட்டர். மொத்தம் ஏழு. பிடிமானம் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தால் பிரேக் தூரம் மட்டும் 17 மீட்டர், மொத்தம் 21. இரண்டு டவுன் பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம் அது. வேகத்தை 10 கி.மீ.க்கு இறக்கினால் அதே ஈர பிரேக்கில் மொத்தம் பத்தரை மீட்டரில் நிற்கலாம். மழையில் வேறெதையும் மாற்ற முடியாவிட்டாலும் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும், நிற்கும் தூரம் பாதியாகிறது.

இரண்டாவது, முன்கூட்டியே துடைப்பது. ஈர ரிம்மில் லீவரைப் பிடித்த முதல் சில சுற்றுகளில் கட்டை தண்ணீரை வழிக்கிறதே தவிர வண்டியை நிறுத்துவதில்லை. அதனால் நிற்க வேண்டிய இடத்துக்கு 20 மீட்டர் முன்பே லேசாக அழுத்தி விட்டு, மறுபடி அழுத்தி விட்டு, கடைசியில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மழையில் நெடுகச் சும்மா மிதிக்கும்போதும் இடையிடையே கட்டையை ரிம்மில் தொட்டுவிடுவது நல்லது.

பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி இரண்டு, மூன்று மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கட்டையின் முகத்தில் மணலும் உலோகத் துணுக்கும் குத்தியிருக்கும். ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு, உப்புத்தாளில் முகத்தைத் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு போய்ப் புது ரப்பர் வெளிவரும். கடினமாகிப்போன கட்டையை மாற்றிவிட வேண்டும், விலை சொற்பம்தான். செயினுக்கு எண்ணெய் விடும்போது பின்ரிம்மில் தெறித்தால், சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்கும்வரை அந்தப் பிரேக் இல்லாததற்குச் சமம். கொஞ்சம் செலவழிக்க முடிந்தவர் முன்சக்கரத்தை மட்டுமாவது அலாய் ரிம்முக்கு மாற்றலாம். நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்புறத்தைப் பிடிப்பது. அலாய் ரிம் போட்டால் பக்கவாட்டில் பிடிக்கும் காலிப்பரும் கேபிளும் சேர்த்து மாற்ற வேண்டும், இதைக் கடையில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

குடை பிடித்தபடி ஒற்றைக் கையில் ஓட்டுவது பரவலான பழக்கம். நம் ஊர் சைக்கிளில் வலக்கை லீவர் முன்சக்கரத்துக்கு, இடக்கை லீவர் பின்சக்கரத்துக்கு. வலக்கையில் குடை இருந்தால் வேலை செய்யும் பிரேக் போயிற்று. காற்று குடையை இழுத்தால் ஹேண்டில் பாரும் போகும். கொங்காடை போட்டு ஓட்டுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்த சாக்கு அல்லது பிளாஸ்டிக் பை. கை இரண்டும் விடுதலையாக இருக்கும், முதுகும் நனையாது. பண்ணையத்தில் நடந்து வேலை பார்க்க அருமையானது. சைக்கிளில் அது இரண்டு பக்கப் பார்வையையும் மறைக்கிறது, பின்னால் வரும் பஸ்ஸின் சத்தத்தையும் மந்தப்படுத்துகிறது. மேல்சட்டையும் கால்சட்டையுமாக இருக்கும் ரெயின்கோட்டே சைக்கிளுக்கு ஏற்றது. கால்சட்டை விளிம்பை வலக் கணுக்காலில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் செயினில் மாட்டும். சேலை, துப்பட்டாவுக்குப் பின்சக்கரத்தின் துணிக் காப்பு வலை அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரத் துணி கனத்துத் தொங்கி போக்ஸ் கம்பிக்குள் எளிதில் போய்விடும்.

டயரில் உரசி ஓடும் பாட்டில் டைனமோ, வெளிச்சம் மிகவும் வேண்டிய மழை இரவில்தான் வழுக்கும். உருளையின் வெட்டுக் கோடுகள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். உருளையின் அச்சுக் கோடு சக்கரத்தின் மையத்தை நோக்கி இருந்தால்தான் முழுப் பரப்பும் டயரைத் தொடும். டைனமோவை நம்பாமல் சார்ஜ் செய்யும் சிறு எல்இடி விளக்கு ஒன்றைப் பின்னால் மாட்டிக்கொள்வது மேல். பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் சேறு மூடாமல் இருக்க வேண்டும்.

பஞ்சரும் மழையில் கூடுகிறது. தண்ணீர் ரப்பரில் முள்ளும் கண்ணாடிச் சில்லும் இறங்குவதை எளிதாக்குகிறது. வேலியோரக் கிளுவை முள்ளையும் வெள்வேல முள்ளையும் ரோட்டு ஓரத்துக்கு அடித்துக்கொண்டு வந்து விடுகிறது. ஈர ட்யூபில் ஒட்டு நிற்காது. துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, சொல்யூஷன் தடவி, பளபளப்பு அடங்கும்வரை சில நிமிடம் காத்து, அதன்பிறகு ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். மழைக்குள் நின்று அவசரமாக ஒட்டியது மறுநாள் வெயிலில் விட்டுவிடும்.

விலையில்லா சைக்கிள் வாங்கிய பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். கைக்கு வந்த வாரமே பக்கத்துக் கடையில் கோன் (சக்கர அச்சில் பால்ஸைத் தாங்கும் கூம்பு) இறுக்கம், போக்ஸ் கம்பி இறுக்கம், பிரேக் இடைவெளி மூன்றையும் பார்த்துவிடுங்கள். மாலை மழை பள்ளி விடும் நேரத்தில்தான் வரும்.

தண்ணீர் நிற்கும் இடங்கள்

பெடல் கீழே போகும்போது தரையிலிருந்து சுமார் 11 செ.மீ. உயரத்தில் இருக்கும். சக்கர அச்சு 35 செ.மீ. இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மிதிக்கும் கால் தண்ணீரைத் தொட்டால் ஆழம் அரைச் சாணை எட்டிவிட்டது, அதற்குக் கீழே குழி இருந்தால் தெரியாது. இறங்கித் தள்ள வேண்டும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மண் போட்டு மூடிய பள்ளம் முதல் நல்ல மழையில் அமுங்கும், மேலே பார்த்தால் சமமான தண்ணீர்தான் தெரியும். சக்கர அச்சு வரை தண்ணீரில் போன சைக்கிளை அப்படியே விட்டால் அச்சில் பால்ஸ் உருளும் கப்பும் கோனும் அரிக்கத் தொடங்கும். அந்த வாரத்துக்குள் பிரித்துத் துடைத்துப் புது க்ரீஸ் வைக்க வேண்டும். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து 3/16 அங்குல பால்ஸ், பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குல பால்ஸ். குழி விழுந்த பால்ஸைப் புதியவற்றோடு கலந்து போடக் கூடாது, முழு செட்டையும் மாற்ற வேண்டும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள், அது மார்கழிக் குளிரில் உறைந்து தூசியோடு பிசினாகும். என்ஜின் ஆயில் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, பிறகு மேல் எண்ணெயைத் துணியால் துடைத்தால் போதும்.

ஓடும் தண்ணீர் வேறு விஷயம். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி கோவையைக் கடந்து திருப்பூருக்கு வருகிறது. மேலே பெய்த மழை குளங்களையும் தடுப்பணைகளையும் நிரப்பிக்கொண்டு, திருப்பூரில் வானம் தெளிந்த பிறகுகூட வந்து சேரும். அணைப்பாளையம் போன்ற தரைப்பாலங்களில் காலையில் கடந்த வழி மாலையில் இருக்காது. ஓடைகள் இதற்கு நேர்மாறு, நிமிடக் கணக்கில் ஏறிவிடும். 2011 நவம்பரில் திருப்பூரில் இரவில் கொட்டிய மழையில் ஜம்மனை ஓடை பெருகிக் கரையோரக் குடியிருப்புகளை அடித்துச் சென்றது, உயிர்களும் போயின. ஓடும் தண்ணீர் முழங்காலை எட்டினால் சைக்கிளோடு இறங்கவே கூடாது. போக்ஸ் சக்கரமும் ஆளும் சேர்ந்து தண்ணீருக்கு அகலமான தடுப்பாகிறார்கள், சைக்கிளைக் காப்பாற்றப் பிடித்துக்கொண்டிருப்பவர்தான் அடித்துச் செல்லப்படுகிறார்.

கோவையில் இந்த மூட்டு ரயில்வே சுரங்கப்பாதை. லங்கா கார்னர், கிக்கானி பள்ளி அருகே, அவிநாசி ரோடு மேம்பாலத்துக்குக் கீழே, சிவானந்தா காலனி. தண்டவாளம் ஊரைக் கிழக்கு, மேற்காகப் பிரிக்கிறது. இவை மூழ்கினால் பஸ்ஸெல்லாம் ஒன்றிரண்டு மேம்பாலங்களில் போய் அடைகின்றன. மேம்பால ஏற்றத்தில் ஈர ரோட்டில் சைக்கிள்காரர் நெரிசலுக்கு நடுவே தள்ளாடுகிறார். ஒரு கணக்கு: ஒரு ஹெக்டேர் பரப்பின் தண்ணீர் ஒரு பாதைக்குள் இறங்குகிறது, மணிக்கு 40 மி.மீ. மழை என்றால் அந்த ஒரு மணியில் 400 கன மீட்டர், அதாவது நாலு லட்சம் லிட்டர். எட்டு மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் 10 குதிரைத்திறன் மோட்டார், 60 சதவீதத் திறனில், மணிக்கு 200 கன மீட்டர்தான் தள்ளும். இரண்டு மோட்டார் ஓட வேண்டும், மூன்றாவது இருப்பில் இருக்க வேண்டும். இடி மழையில் கரண்டு போகும் என்பதால் ஜெனரேட்டரும் வேண்டும். உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் கவர் அடைத்தால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை. பம்புக்குப் பேர்போன கோவையில் இதைச் செய்யும் கைகளுக்கு எந்தக் குறையும் இல்லை. புரட்டாசி முடிவதற்குள் மோட்டார் உறிஞ்சும் தொட்டியைத் தூர்வாரி, தண்ணீர் விட்டு மோட்டாரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

டவுன் பஸ் ஏன் பிந்துகிறது

ரோட்டில் வண்டிகள் மெதுவாக ஓடுவது பாதிக் காரணம். மீதிப் பாதி படிக்கட்டில் இருக்கிறது. காய்ந்த நாளில் ஒருவர் ஏற இரண்டு நொடி. மழையில் குடையை மடக்கி, நனைந்த கம்பியைப் பிடித்து, ஈரப் படியில் கால் வைத்து ஏற நாலு நொடி. இருபது பேர் ஏறும் நிறுத்தத்தில் நாற்பது நொடி கூடுகிறது. பத்து நிறுத்தத்தில் ஏழு நிமிடம் போய்விடுகிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், ஏழு நிமிடம் பிந்திய பஸ்ஸுக்கு வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுதல் ஆட்கள் காத்திருப்பார்கள், அவர்களை ஏற்ற இன்னும் நேரம். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆள் குறைவு, அது வேகமாக வந்து முன்பஸ்ஸை ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் ஒன்றுமே வராமல் கடைசியில் இரண்டு பஸ் சேர்ந்து வருவது இப்படித்தான்.

உள்ளே நிலைமை இன்னும் இடத்தைச் சுருக்குகிறது. ஜன்னல் கண்ணாடி இறங்காத இடங்களில் ரெக்சின் சீட்டு நனைந்து யாரும் உட்கார மாட்டார்கள், நடுவழியில் நெரிசல் கூடும். நனைந்தவர்கள் படிக்கட்டருகே நின்றுவிடுவார்கள். "கொஞ்சம் உள்ள போங்க சாமி, கதவு சாத்தோணும்" என்று கண்டக்டர் கத்திக்கொண்டே இருப்பார், கதவு சாத்தாமல் பஸ் நகராது. எல்லாக் கண்ணாடியையும் மூடினால் டிரைவர் முன் கண்ணாடியில் ஆவி படியும். கூரைத் திறப்புகள் வேலை செய்தால் அது பெருமளவு குறையும்.

2021 மே மாதம் முதல் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தனியார் டவுன் பஸ் நிறைய ஓடும் கொங்குப் பகுதியில் இதற்கு ஒரு மழைக்காலப் பக்கம் உண்டு. மாதக் கூலியில் பஸ் செலவை ஒதுக்கி வைக்காத பெண் தொழிலாளி, மழையில் வந்த தனியார் பஸ்ஸை விட்டுவிட்டு அரசு பஸ்ஸுக்கு நிற்கிறார். அந்த பஸ் பிந்திய காரணத்தால் அதன் நடை ரத்தானால் அவர் காத்திருப்பு இரட்டிக்கிறது. மழை மாலைகளில் ரத்து செய்ய வேண்டிய நிலை வந்தால், அரசு டவுன் பஸ்ஸின் மாலை ஆறு முதல் ஒன்பதரை வரையான நடைகளைத் தொடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நேரத்தைப் பிடிக்க வேண்டுமானால் ஊர்க்கோடி வரை போகாமல் நடு நிறுத்தத்தில் திருப்பலாம் என்பதும் சரியல்ல, கோடியில் இறங்குகிறவருக்குத்தான் வேறு வழியில்லை. உபரி பஸ் ஒன்றை நடுவழியிலிருந்து விடுவதே சரி.

தண்ணீர் தேங்கிய நிறுத்தத்தில் டிரைவர் நடு ரோட்டில் நிறுத்துவார். இடப்பக்கம் வரும் சைக்கிள்காரரும் ஓரத் தண்ணீருக்குப் பயந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டுகிறார். இறங்கும் பயணியும் சைக்கிளும் அதே ஒரு மீட்டரில் மோதுகிறார்கள். நின்ற பஸ்ஸின் இடப்பக்கமாகச் சைக்கிள் நுழையக் கூடாது, பின்னால் நின்றுவிட வேண்டும். பிரேக் பிடிக்காத நாளில் இதற்கும் 20 மீட்டர் முன்பே தயாராக வேண்டும்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம். கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். காலை, இரவு ஷிப்டுப் பயணத்தை வெயில் அதிகம் தொடுவதில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும் நூற்பாலைகளுக்குத்தான் அது பிரச்சினை. அங்கே நிழலான நிறுத்தமும் தண்ணீரும் வேண்டும்.

நிறுத்தமும் சைக்கிள் ஸ்டாண்டும்

இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள தகரக் கூரை, முன்பக்கம் முழுதும் திறப்பு. பெரும்பாலான நிழற்குடைகளின் வடிவம் இது. இரண்டு மி.மீ. மழைத்துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. மணிக்கு 23 கி.மீ. காற்று அடித்தால் அது 45 டிகிரி சாய்ந்து வரும். தரை முழுதும் நனைந்து, பின்சுவரில் ஒரு மீட்டர் உயரம் வரை சாரல் ஏறும். உட்கார்ந்திருப்பவர் முழுக்க நனைவார். கூரையின் முன் விளிம்பை 2.1 மீட்டருக்கு இறக்கி, காற்று வரும் பக்கம் இடுப்புக்கு மேல் தெரியும் தட்டி அடைத்து, தரையைச் சாலையைவிட 15 செ.மீ. உயர்த்தினால் பாதி ஆட்களாவது காய்ந்து நிற்பார்கள். தென்மேற்குக் காற்று மேற்கிலிருந்தும் ஐப்பசி மழை கிழக்கிலிருந்தும் அடிப்பதால் தட்டி இரண்டு பக்கமும் வேண்டும். மின்னல் நேரத்தில் பனை, தென்னை, தனிப் புளியமரம் எதன் அடியிலும் ஒதுங்கக் கூடாது என்பதால் வழியோரத்தில் கூரை உள்ள இடம் உயிர் காக்கும் இடம்.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தரக்கூடியது, நிறுத்தத்தோடு ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. சைக்கிளையும் பஸ்ஸையும் தனித்தனியாக வைத்துப் பேசுவதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. உள்ளூர்ச் சாலைகளிலிருந்து மெயின் ரோடு வரை சைக்கிள், அங்கே பூட்டிவிட்டு டவுன் பஸ் என்றால், காலை முடிவை மாலை மழை உடைக்காது. ஆடிக் காற்றில் ஆறு கிலோமீட்டருக்குப் பதில் ஒன்றரை கிலோமீட்டர் மிதித்தால் போதும். இப்போது அந்த வேலையை டீக்கடைக்காரரின் சுவரோரம் செய்துகொண்டிருக்கிறது, திருட்டுப் பயத்தோடு.

ஒரு சைக்கிளுக்கு 60 செ.மீ. அகலம், இரண்டு மீட்டர் நீளம். இருபது வண்டிக்கு 12 மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள தகரக் கொட்டகை போதும், முன்னால் நடமாட இன்னொரு ஒன்றரை மீட்டர். சக்கரத்தை மட்டும் பிடிக்கும் கம்பி போடக் கூடாது, காற்றில் வண்டி சாய்ந்து ரிம் கோணும். சட்டத்தோடு சேர்த்துப் பூட்ட, கவிழ்த்த ப வடிவில் வளைத்த ஒன்றரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், தரைக்குமேல் 75 செ.மீ., கான்கிரீட்டுக்குள் 30 செ.மீ. ஒரு குழாய்க்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வண்டி என்பதால் பத்துக் குழாய், 1.2 மீட்டர் இடைவெளியில். தரையில் நூற்றுக்கு இரண்டு சரிவு. இரவு கடைசி பஸ் வரும்வரை எரியும் ஒரு விளக்கு. பக்கத்துக் கடைக்காரருக்கே டோக்கன் போடும் பொறுப்பையும் ஒரு சிறு தொகையையும் கொடுத்தால் காவலும் ஆயிற்று.

கம்பெனி பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளைத் துணியில் ஒரு சேற்றுத் துளி பட்டால் பீஸ் ரிஜெக்ட் ஆகும். நனைந்து வருகிறவருக்குக் கால் கழுவ ஒரு குழாய், உடை மாற்ற ஒரு மறைப்பு, தூக்குப்போசியும் ஈர ரெயின்கோட்டும் தொங்கவிட ஆணி வரிசை, சைக்கிளுக்குக் கூரை. முதல் மூன்றும் ஒரு நாள் வேலை. கூரைக்குப் பழைய தகரம் போதும், ஆடிக் காற்றுக்குத் தாங்கும்படி ஆங்கில ஜே எழுத்துப்போல் வளைந்த ஜே போல்ட்டால் முடுக்கியிருக்க வேண்டும், ஆணி அடித்தது நிற்காது.